செவப்பு கிட்டாரும் முறுக்கு அச்சும்

12 ஜூலை 2025, சனி

வாங்கிட்டேன்! வாங்கிட்டேன் வாங்கிட்டேன்.

பண்டல் கடைல ஜப்பான்லேர்ந்து கன்டேய்னர்ல வர்ற பழைய சாமான் குமிஞ்சு கெடக்கும்ல, அங்க ரைஸ் குக்கருக்கும் கோல்ஃப் பேக்குக்கும் நடுவுல தலைகீழா நின்னுகிட்டு இருந்துச்சு. செவப்பு. தலைல பிராண்ட் பேரு தேஞ்சு போயி ஒரு எழுத்தோட வாலு மட்டும் பாக்கி. கம்பி மூனுதான் இருக்கு, அதுவும் துரு. கடைக்கார அபாங் "இத்து ரோசாக் லா டிக்"ன்னாரு. கெட்டுப் போனதாம். அபாங், நான் ஹென்ஃபோன் கடைல செத்த ஃபோனுக்கு உயிர் குடுக்கிறவன். என்கிட்டயா?

ஏன் இவ்ளோ அவசரம்? நேத்து எருமைநடை போஸ்ட் போட்டாங்க. கிட்டாருக்கு ஆள் வேணுமாம்!!! நம்ம ஊரு ஜேபி பேண்டு. உறுமிய வச்சு மெட்டல் அடிக்கிற பேண்டு எனக்குத் தெரிஞ்சு இவங்க மட்டும்தான். அவங்க போட்ட எல்லா வீடியோவுக்கும் முதல் கமெண்ட் நான்தான். எல்லாத்துக்கும். போய் பாருங்க.

"கம்பிய A வரைக்கும் எறக்கி வாசிக்கத் தெரிஞ்சவங்க மட்டும்"னு போட்டுருக்காங்க. சாதா கிட்டாரோட தடிக் கம்பி E-ல நிக்கும். A-ன்னா அதுலேர்ந்து கெணத்துப் படி எறங்குற மாதிரி எறங்கணும். அந்த எடம் எனக்கு. வேற யாருக்கு?

நாகு எட்டிப் பாத்துட்டு, "என்னண்ணே, துரு புடிச்ச தோசக்கரண்டி மாதிரி இருக்கு"ன்னா. தங்கச்சின்னு ஒன்னு வீட்டுல இருந்தா இப்படித்தான்.

13 ஜூலை, ஞாயிறு

முழுசா கழட்டிட்டேன். உள்ள ஜப்பான் தூசி. வால்யூம் குமிழத் திருப்புனா பொரியல் தாளிக்கிற மாதிரி கரகரன்னு சத்தம். கடைலேர்ந்து கொண்டு வந்த கிளீனர அடிச்சு முப்பது தடவ திருகுனேன், அடங்கிடுச்சு. ஒரு ஒயரு அறுந்து தொங்குச்சு, அதான் சத்தம் வரல. சால்டர் வச்சேன். வந்துருச்சு! சும்மா "ங்" தான், ஆனா வந்துருச்சு!

இருக்கிற கம்பிய A-க்கு எறக்கிப் பாத்தேன். அலமாக். மீ, அதான் நூடுல்ஸ், மாதிரி தொங்குது. தடிக் கம்பி ஆர்டர் பண்ணியாச்சு. அறுபத்தி ரெண்டு சைஸு. போட்டோவுல பாத்தாலே கேபிள் மாதிரி இருக்கு.

எங்க அப்பா, அதான் அப்பச்சி, ரூம்ப எட்டிப் பாத்து "இந்த வீடு என்ன ஒர்க்‌ஷாப்பா?"ன்னாரு. நாகு வயித்தப் புடிச்சுகிட்டு சிரிச்சா. அவள ஒன்னும் சொல்ல மாட்டாரு. அவளுக்கு நாகம்மைன்னு அப்பத்தா பேர வச்சுட்டாங்க. பெத்த அம்மா பேரச் சொல்லி எப்படித் திட்டுறது? அதனால பேரு சொல்லிக் கூப்புடவே மாட்டாரு, "ஆத்தா"தான். பத்தொம்பது வயசு, கார் கண்ணாடிய ஒடச்சா கூட "பரவால்ல ஆத்தா". நான் ஒரு கிளாஸ ஒடச்சா எங்க ஏரியா தம்போய் பூரா கேக்கும்.

19 ஜூலை, சனி

கம்பி வந்துச்சு. மூனு பிரச்சன.

ஒன்னு, கம்பி தடிப்புக்குத் திருகாணி ஓட்ட பத்தல. நுனில சுத்தியிருக்கிற வெளிக் கம்பிய உரிச்சிட்டு நடு நரம்ப மட்டும் உள்ள விட்டேன். இன்டர்நெட்ல கிட்டார் ஃபோரம்ல எவனோ பிரேசில்காரன் சொன்னது. வாழ்க பிரேசில்.

ரெண்டு, கம்பியோட அடி முனையப் புடிச்சு வைக்கிற பிரிட்ஜு, இந்தக் கிட்டார்ல ஸ்பிரிங்ல மெதக்குற ரகம். தடிக் கம்பி இழுக்கிற இழுப்புல காரு போனட் மாதிரி வாயத் தொறந்துகிட்டு மேல வந்துருச்சு. ஒரு கம்பிய ட்யூன் பண்ணா மத்த அஞ்சும் ஓடுது. பின்னால மூடியத் தொறந்து ஸ்பிரிங் இருக்கிற பள்ளத்துல ஒரு கட்டைய இறுக்கி வச்சு அதைய அசைய விடாம பண்ணணும். நல்ல கெட்டி மரமா வேணும்.

வீடு பூரா தேடுனேன். எல்லாம் பிளைவுட்டு. ஸ்டோர் ரூம்ல அலமாரி மேல அம்மாவோட பழைய முறுக்கு அச்சு. மரத்துல செஞ்சது, தேக்கு, மேல் கட்டைல ரெண்டு பக்கமும் கைப்பிடி. அம்மா இப்ப பித்தளை அச்சுலதான் புழியுறாங்க. இது சும்மா கெடக்கு. ஒரு கைப்பிடிதானே...

அறுத்துட்டேன். அறுக்கும்போது ஓமமும் பழைய எண்ணெயும் கலந்து அப்படி ஒரு வாசன. கச்சிதமா உக்காந்துச்சு. பிரிட்ஜு இப்ப அசையல. மலை மாதிரி நிக்குது.

மூனாவது பிரச்சன நாளைக்கு.

24 ஜூலை, வியாழன்

வேல முடிஞ்சு வந்து ஷூவக் கழட்டுறேன், செவுத்துக்கு அந்தப் பக்கம் "சகதி" கேக்குது. எருமைநடையோட பாட்டு. வீடியோதான் ஓடுதுன்னு நெனச்சேன். இல்ல. நாகு வாசிக்கிறா. என்னோட மொதல் கிட்டார்ல — அந்தக் கருப்பு, மலிவு கிட்டார் — நான்தான் போர் அடிச்சுப் போயி அவகிட்ட தூக்கிக் குடுத்தேன், சீனப் புத்தாண்டு லீவுல.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லணும்? நீ டெய்லி அதத்தானே போட்டு சாவடிக்கிற. காதுல நின்னுருச்சு."

நான் அந்தப் பாட்ட வீடியோ பாத்து, ஸ்லோ பண்ணி, எழுதி வச்சு, மாசக்கணக்கா உக்காந்தேன். இவளுக்குக் காதுல நின்னுருச்சாம். கம்பி சைஸ் என்னன்னு கேட்டா தெரியாது. பிக்கப்புக்கும் பிரிட்ஜுக்கும் வித்தியாசம் தெரியாது. தடிக் கம்பிய "அந்த குண்டு கம்பி"ங்குறா.

அப்பச்சி ஹால்லேர்ந்து: "ஆத்தா நல்லா வாசிக்கிறாளே."

எனக்கு மட்டும் "சத்தத்தக் கொற".

2 ஆகஸ்ட், சனி

மூனாவது பிரச்சன நட்டு. தலைக்குக் கீழ கம்பி உக்காருற அந்த சின்ன வெள்ளப் பட்டை. அதுல இருக்கிற கோடு மெல்லிசான கம்பிக்கு வெட்டுனது, தடிக் கம்பி மேல ஏறி நிக்குது. அரம் போட்டுத் தேச்சேன். தேச்சேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சமே கொஞ்சம்...

ஆழமாப் போயிடுச்சு. கம்பி இப்ப கழுத்துல இருக்கிற மொத ஃப்ரெட்டுல ஒரசி "ஸ்ஸ்ஸ்"ங்குது. எனக்கு எப்பவும் இதான். நிறுத்தத் தெரியாது.

பக்கத்து ரூம்ல அவ வாசிக்கிறது நல்லா இருக்கு. அதான் கடுப்பா இருக்கு.

3 ஆகஸ்ட், ஞாயிறு

அம்மா ஆப்ப சோடா டப்பாவக் காணோம்னு தேடுறாங்க. எடுத்தது நான்தான். சோடாவ நட்டு கோட்டுல தூவி மேல ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டா கல்லு மாதிரி ஆயிடும். அப்புறம் மறுபடியும் தேய்க்கணும். இந்தத் தடவ மூச்ச அடக்கிகிட்டு தேச்சேன். சரியா வந்துச்சு.

10 ஆகஸ்ட், ஞாயிறு

முடிஞ்சது!!!

கழுத்துக்குள்ள இருக்கிற இரும்பு ராட கால் சுத்து திருகுனேன், நேராயிடுச்சு. பிரிட்ஜு மேல கம்பி உக்காருற சேடில கடைசி வரைக்கும் பின்னால தள்ளியாச்சு. A-க்கு எறக்கி ஒரு அடி அடிச்சேன். ஜன்னல் கண்ணாடி நடுங்குச்சு. கீழ் வீட்டு மலர் அக்கா "தம்பி, லோரி எதும் வருதா?"ன்னு வெளிய வந்து பாத்தாங்க. லோரி! இத விட பெரிய பாராட்டு இருக்கா?

போட்டோ எடுத்து செல்வாவுக்கு அனுப்புனேன். எருமைநடை செல்வா. பாடுறதும் பேஸும் அவருதான். அவரு பதில் போட்டாரு. எனக்கு. "தூள் ப்ரோ. வர்ற சனி வா."

அத பத்து தடவ படிச்சுட்டேன்.

16 ஆகஸ்ட், சனி

எழுதவே புடிக்கல. எழுதுறேன்.

தம்போய்ல கடை வீட்டு மேல் மாடில ஜாம் ஸ்டூடியோ. நான் காரு லைசன்ஸ்ல ரெண்டு தடவ ஃபெயிலு, அதனால நாகுதான் அம்மா காரை ஓட்டிகிட்டு வந்தா. கீழயே இருடின்னேன். "வெயில்ல வேகவா?"ன்னு பின்னாடியே ஏறி வந்துட்டா.

செல்வா வீடியோல இருக்கிறத விட குள்ளம். உறுமி மகேஸ்வரன். பேசவே மாட்டாரு. வளைஞ்ச குச்சிய தோல்ல அழுத்தித் தேச்சா உறுமி அழுவுற மாதிரி முனகும்ல, அது பக்கத்துல நின்னு கேட்டா வயித்துல கேக்குது. நான் அப்பவே காலி. ஃபேன் பையன் மாதிரி சிரிச்சுகிட்டே நிக்கிறேன்.

"சகதி" ஆரம்பிச்சாங்க. அடிச்சேன். நல்லா ஓங்கி அடிச்சேன், அவங்க பாட்டு அப்படித்தானே. செல்வா கைய காட்டி நிறுத்துனாரு. "ட்யூன் பண்ணு." பண்ணேன். ட்யூனர் ஆப்ல முள்ளு நட்ட நடுவுல. மறுபடியும். மறுபடியும் நிறுத்துனாரு.

"ப்ரோ, நீ அடிக்கிற அடில கம்பி மேல ஏறிப் போயி அப்புறமா எறங்கி வருது. அது எறங்கி வர்றதுக்குள்ள உறுமி போயிடுது. மெதுவா தொடு."

எனக்குத் தெரியும்! தடிக் கம்பிய லூசா விட்டு ஓங்கி அடிச்சா சுருதி ஏறும். ஃபோரம்ல நானே எவனுக்கோ பதில் எழுதியிருக்கேன். தெரிஞ்சு என்னத்துக்கு? கை கேக்கல. கிட்டாரக் குடுத்து அவங்க முன்னால நிக்க வச்சா என் கை மாடு மாதிரி ஓடுது.

மகேஸ்வரன் குச்சியக் கீழ வச்சு, "தண்ணி குடிப்போம்"ன்னாரு. நான்தான் ஓடுனேன் கீழ, எல்லாருக்கும் தே ஓ ஐஸ், பால் இல்லாத ஐஸ் டீ, வாங்க. நாலு பாக்கெட்ட விரல்ல மாட்டிகிட்டு படி ஏறுறேன். மேல "சகதி" ஓடுது. பழைய கிட்டாரிஸ்டோட ரெக்காடிங்க போட்டுருக்காங்க, எப்படி வாசிக்கணும்னு எனக்குக் காட்டத்தான்னு நெனச்சேன். கதவத் தொறந்தேன்.

நாகு.

என் செவப்பு கிட்டார மடில வச்சு, கீழ உக்காந்து, சும்மா தடவுற மாதிரி வாசிக்கிறா. அந்த A. நான் ஒரு தடவ கூட வர வைக்காத A. மகேஸ்வரன் குச்சிய எடுத்துட்டாரு. உறுமி முனக, கிட்டாரு அதுக்கு அடியில போயி படுத்துக்குது. எது தோலு எது கம்பின்னு தெரியல.

எத்தன நேரம் நின்னேன்னு தெரியல. ஐஸ் உருகி கால்ல சொட்டுச்சு. ஒருத்தரும் என்னைய திரும்பிப் பாக்கல.

கார்ல வரும்போது நாகு, "அண்ணே, கிட்டார செமயா செஞ்சுருக்க தெரியுமா? தொட்டாலே பேசுது"ன்னா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிகிட்டேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

செல்வா மெசேஜ். தொறக்கல, தொறந்தா நீல டிக் விழுந்துரும். மேல நோட்டிஃபிகேசன்லயே படிச்சேன்.

"ப்ரோ வந்ததுக்கு தேங்க்ஸ். ஒன்னு கேக்குறேன் கோவிச்சுக்காத. உன் தங்கச்சிக்கு இஷ்டமா? நம்பர் குடேன். அந்த செவப்பு கிட்டாரோட வந்தா சூப்பரா இருக்கும்."

அந்த செவப்பு கிட்டாரோட.

அவ கை வேணும். என் கிட்டாரு வேணும். நடுவுல நான் மட்டும் வேணாம்.

22 ஆகஸ்ட், வெள்ளி

இன்னும் தொறக்கல. சாப்புடும்போது நாகு "என்னண்ணே, ரிசல்ட்டு வந்துச்சா?"ன்னா. "இல்ல"ன்னேன். அப்பளத்த ஒடச்சு பாதிய என் தட்டுல வச்சா. சின்னதுலேர்ந்து பெரிய பாதி எப்பவும் அவளுக்குத்தான், இன்னைக்குப் பெருச எனக்கு வச்சா. அத அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

30 ஆகஸ்ட், சனி

செல்வா அவள இன்ஸ்டாகிராம்ல கண்டு புடிச்சுட்டாரு. என் கமெண்ட்டுல எவனோ அவள டேக் பண்ணியிருக்கான். என் கமெண்ட்டு வழியாத்தான் போயிருக்காரு!

கதவுகிட்ட வந்து நின்னா.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே கேட்டாங்களாமே."

"எனக்கு எதும் வரலயே."

"ஃபோன காட்டு."

காட்டல.

"ஒனக்கு வேணாம்னா நான் போக மாட்டேன்னு சொல்லியிருப்பேன்ணே. கேட்டிருந்தா. இப்ப போறேன்."

"போ! போயி வாசி! என் கிட்டாரத் தொடாத. வாசிக்க ஆரம்பிச்சு முழுசா ஒரு வருசம் கூட ஆகல, பெரிய இவ மாதிரி..."

"ஒன் கிட்டார யாரு கேட்டா?"

"அவங்க கேட்டாங்க!"

வாயிலேர்ந்து விழுந்துருச்சு. அவ என்னையே பாத்தா. ரூம்புக்குப் போயி கதவ மெதுவா சாத்துனா. ஓங்கி சாத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

6 செப்டம்பர், சனி

என்கிட்ட மிச்சம் இருந்த தடிக் கம்பிய எடுத்து கருப்பு கிட்டார்ல அவளே மாட்டியிருக்கா. செவுத்து வழியா கேக்குது. திருகும்போது "டிங்"... "டிங்"... கம்பி நட்டுல சிக்கி சிக்கி நழுவுற சத்தம். கோட்ட அகலப் பண்ணல. அவளுக்குத் தெரியாது. என்கிட்ட கேக்கவும் மாட்டா.

கேட்டா சொல்லுவேனா?

14 செப்டம்பர், ஞாயிறு

டிங். டிங். அம்மா செஞ்ச மீ கோரெங் இன்னைக்கு ரொம்ப ருசி. ரெண்டு தட்டு சாப்ட்டேன்.

27 செப்டம்பர், சனி

எருமைநடை ஜாம் வீடியோ போட்டுட்டாங்க. புது ஆளு வந்தாச்சுன்னு. நாகு, தலைய குனிஞ்சுகிட்டு, முடி மூஞ்சிய மறைக்குது. கருப்பு கிட்டாரு.

மொத கமெண்ட் நான் இல்ல. மொத கமெண்ட்: "கிட்டார் ட்யூன் அவுட்." ரெண்டாவது: "பழைய ஆளே மேல்." மூனாவது ஒரு எருமை படமும் சிரிக்கிற மூஞ்சியும்.

சிரிச்சேன். உண்மையா சொல்றேன், சிரிச்சேன். படுக்கைல உருண்டு சிரிச்சேன். அப்புறம் நாலாவது கமெண்ட் நான் எழுதுனேன், "நட்டு கூட மாத்தத் தெரியாதவங்கள..." அனுப்பல. ஹெட்ஃபோன் மாட்டி இன்னொரு தடவ கேட்டேன், இன்னும் எங்கெங்க தப்புன்னு எழுதலாம்னு.

"சகதி". என் பாட்டு. லைசன்ஸ் ஃபெயிலான அன்னைக்கு பஸ்ல திருப்பித் திருப்பி கேட்டுகிட்டு வந்த பாட்டு. ரெண்டாவது வரியிலேயே நாறிப் போச்சு. உறுமி அழுவுது, கிட்டார் அதுமேல தகரம் மாதிரி விழுது. மகேஸ்வரன் கண்ண மூடாம அவ கையவே பாத்துகிட்டு வாசிக்கிறாரு. அவரு எப்பவும் கண்ண மூடிதான் வாசிப்பாரு.

அந்தத் தகரத்துக்கு அடியில அவ விரல் கேக்குது. மெதுவா, அதே தொடல். கை சரியாத்தான் இருக்கு. கிட்டாருதான் தப்பு.

எனக்குக் கிட்டாரு சரி. கைதான் தப்பு.

இதுல எவன் சிரிப்பான்?

28 செப்டம்பர், ஞாயிறு

காலைல அவ குளிக்கப் போனப்ப கருப்பு கிட்டார எடுத்துப் பாத்தேன். நட்ட தேச்சுக் குடுத்துரலாம்னுதான். முடியாது. கழுத்தே முறுக்கிகிட்டு நிக்குது, தடிக் கம்பி இழுப்புல. வாழத்தண்டு மாதிரி. இனி தேறாது.

பதினொரு மணிக்கு அவளுக்கு ஜாம். கிட்டார் பைய கதவுகிட்ட சாத்தி வச்சுருந்தா.

மாத்தி வச்சேன். கருப்ப எடுத்துட்டு செவப்ப உள்ள வச்சு ஜிப்ப இழுத்தேன். உடனே வருத்தமா போச்சு. மறுபடியும் ஜிப்பத் தொறந்தேன். பாத்ரூம் கதவு சத்தம். ஓடி வந்து படுத்துகிட்டேன், தூங்குற மாதிரி. கார் போச்சு.

மத்தியானம் நாகுகிட்டேர்ந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். பேச்சு ஒன்னும் இல்ல. அந்த A மட்டும், அதுக்கு மேல உறுமி. கடைசில தூரமா செல்வா குரலு: "அலமாக்".

நீல டிக் விழ விட்டேன்.

4 அக்டோபர், சனி

வீட்டுல போர். தீபாவளி முறுக்கு புழியணும். பித்தளை அச்சோட தட்டு வளைஞ்சு போச்சாம், அம்மா ஸ்டோர்லேர்ந்து மர அச்ச எறக்கிட்டாங்க.

"இந்தக் கைப்பிடி எங்க? யாரு அறுத்தது?"

நான் ஃபோனுக்குள்ள தலைய விட்டுகிட்டேன். நாகு அச்ச வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. நேர் கோடா அறுத்தது, ரம்பத்துப் பல்லு கூடத் தெரியுது.

"கரையான் அரிச்சுருக்கும்மா."

"கரையான் ஸ்கேல் வச்சு அரிக்குமாடி?"

"மலேசியா கரையான் படிச்சதும்மா."

அப்பச்சிக்கு சிரிப்பு வந்துருச்சு. "ஆத்தா சொன்னா சரியா இருக்கும்"ன்னாரு. அம்மா கோவத்தோட மலர் அக்கா வீட்டுக்கு அச்சு எரவல் வாங்கப் போயிட்டாங்க.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"ன்னு கேட்டேன்.

"ஸ்டூடியோல சூடு ஏறுனா ஒன் கிட்டாரு முறுக்கு வாசன அடிக்குதுண்ணே. மகேஸ் அண்ணன் பசிக்குதுன்னு சொல்றாரு."

ஒரு மாசத்துக்கு அப்புறம் பேசுன மொத பேச்சு இது.

11 அக்டோபர், சனி

எருமைநடை ஷோ. ஜேபில கடை வீட்டு மாடி, சின்ன மேடை, ஏசி வேல செய்யல. நான் டிக்கெட்டு வாங்கித்தான் போனேன். ஓசில போக மாட்டேன்.

"சகதி"ய கடைசில வாசிச்சாங்க. மகேஸ்வரன் கண்ண மூடிட்டாரு. அவ தொட்டா. தரை வழியா ஏறி முட்டிக்கு வந்துச்சு. என் கிட்டாரு. நான் தேச்ச நட்டு, நான் வச்ச சால்டரு, என் எண்ணெ வாசன. எல்லாரும் கத்துனாங்க. நானும் கத்துனேன். கத்திகிட்டே பல்ல கடிச்சுகிட்டு இருந்தேன், எப்படின்னு கேக்காதீங்க, முடியும்.

பக்கத்துல ஒருத்தன்: "ப்ரோ, அந்தப் பொண்ணத் தெரியுமா?"

"என் கிட்டார வாசிக்கிற பொண்ணு"ன்னேன்.

"கிட்டாரு என்ன பிராண்டு?"

பிரேசில்காரன்லேர்ந்து ஆரம்பிச்சேன். அவன் பாதில நழுவிட்டான்.

பொறாமை போச்சான்னா, இல்ல. போகல. மேடைல வெளிச்சம் அவ மேல விழும்போதெல்லாம் டிக்கெட்ட இன்னொரு மடிப்பு மடிச்சேன்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. எரவல் அச்சு முறுக்கு. நல்லாத்தான் இருக்கு, யாரும் சொல்லல.

22 நவம்பர், சனி

பண்டல் கடைக்குப் போனேன், சும்மா பாக்க. சும்மான்னா யாரு நம்புவா. வெள்ளக் கிட்டாரு ஒன்னு. ஜப்பான். மெதக்குற பிரிட்ஜு. கழுத்து செவப்ப விட கெட்டி. அதே அபாங்: "லாகி சத்து?" ஆமா அபாங், இன்னொன்னு.

செவப்ப திருப்பிக் கேக்கலாம். அவ குடுத்துருவா, அது தெரியும். தெரியுறதாலதான் கேக்க முடியல.

6 டிசம்பர், சனி

இன்னைக்கு ஒன்னு நடந்துச்சு.

கடைல ஒரு பாட்டியம்மாவோட ஃபோனு, ஸ்கிரீன் ஒட்டிகிட்டு வரல. சூடு காட்டி ஓரத்துல அந்த முக்கோண பிளாஸ்டிக் துண்ட விட்டு மெதுவா ஓட்டிகிட்டு வர்றேன். ஒரு மில்லி ஆழமாப் போனா உள்ள கேபிள் அறுந்துரும். ஓங்கவே கூடாது. கை தானா எடை போட்டுகிட்டுப் போகுது. கடை மொதலாளி தவுக்கே எட்டிப் பாத்து "பெலான் பெலான்"ன்னாரு, மெதுவா மெதுவான்னு. எனக்குச் சொல்லணுமா? தெனம் செய்றதுதானே.

அப்படியே கை நின்னுருச்சு.

கைல இருக்கிற துண்டு. முக்கோணம். கிட்டார் கம்பிய தட்டுற பிக்கு மாதிரியே இருக்கு. பிக்குதான் அது! வருசக்கணக்கா மெதுவாத்தான் புடிச்சுகிட்டு இருக்கேன், இந்தக் கையாலதான்!

தவுக்கேகிட்ட ஒன்னு கேட்டு பாக்கெட்டுல போட்டுகிட்டு வந்தேன். வெள்ளக் கிட்டார A-க்கு எறக்கி, ஸ்கிரீன் தொறக்கிற மாதிரி தொட்டேன். ஓங்கல. ஓரத்துல விட்டு ஓட்டுனேன்.

ஆப்ல முள்ளு நடுவுல வந்து நின்னுச்சு. ஆடல.

இன்னொரு தடவ. ஆடல.

14 டிசம்பர், ஞாயிறு

அம்மா மர அச்ச ஆசாரிகிட்ட குடுத்து சரி பண்ணலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. மிச்சம் இருக்கிற கைப்பிடியக் காட்டி அதே மாதிரி இன்னொன்னு செய்யச் சொல்லலாம்னு. ஸ்டோருக்குப் போனாங்க.

அலமாரி மேலேர்ந்து அச்ச எறக்குனாங்க.

அப்புறம் தம்போய் பூரா கேட்டுச்சு. "திவாகரா!!"

ரெண்டாவது கைப்பிடி வெள்ளக் கிட்டாருக்குள்ள கச்சிதமா உக்காந்திருக்கு. இந்தத் தடவ நாகு கரையானக் கூப்புடல. சோபால விழுந்து சிரிச்சா. நான் புது அச்சு வாங்கிக் குடுக்குற வரைக்கும் எனக்கு சோறு கெடையாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க.

ரூம்புக்கு வந்து கதவ சாத்திகிட்டு வாசிச்சேன். "சகதி". மெதுவா. ஃபோன் கடை பிக்கால. முழுசா, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும். நாகு அளவுக்கு இல்ல. அது வேற. ஆனா கம்பி ஏறல, எறங்கல, போட்ட எடத்துல நின்னுச்சு. பக்கத்து ரூம்ல அவ வாசிச்சுகிட்டு இருந்தது நடுவுல நின்னு போச்சு.

கதவத் தட்டாம தொறந்தா.

"அண்ணே, இது என்ன, என்னோடத விட கீழ போகுது?"

"அதே A தான்."

"இல்ல, ஏதோ இருக்கு. கழுத்து வேறயா? குடு, ஒரு நிமிசம்."

குடுத்தேன். ஒரே ஒரு தடவ தொட்டா. விரல எடுக்காம அது அடங்குற வரைக்கும் கேட்டா. அப்புறம் கிட்டாரத் திருப்பிப் பின்பக்கம் பாத்தா, தடவுனா, மோந்து பாத்தா.

"மாத்திக்கலாமாண்ணே? செவப்பு நீ வச்சுக்க. அது ஒன்னோடதுதானே."

"போடி."

"சும்மா ஒரு ஷோவுக்கு மட்டும் லா."

"ஒனக்கு யாரு குடுத்தா அந்த ஐடியா? போ, போ."

வெளிய போறா, ஆனா கதவுகிட்ட நின்னு திரும்பிப் பாக்குறா. என்னைய இல்ல, வெள்ளக் கிட்டார. ஒதட்ட உள்ள இழுத்துகிட்டு, கண்ணு கொஞ்சம் சின்னதாகி, சிரிக்கவும் முடியாம.

அந்த மூஞ்சி எனக்கு நல்லா தெரியும். ஆகஸ்ட்லேர்ந்து தெனம் பல்லு வெளக்கும்போது கண்ணாடில பாத்துகிட்டு இருக்கேன்.

பாவமாத்தான் இருந்துச்சு. இன்னொரு தடவ வாசிச்சேன்.